ஜிப்சம் போர்டை மூடும் முன்: பார்ட்டிஷன், சீலிங் கேள்வி-பதில்

மீட்டிங் ரூமில் பேசுவது பக்கத்து அறையில் அப்படியே கேட்கிறது. சுவருக்குள் கிளாஸ் வுல் வைத்திருக்கிறோம். இன்னொரு அடுக்கு போர்டு அடிக்கலாமா?

முதலில் ஏணி போட்டு ஒரு சீலிங் டைலைத் தூக்கி, டார்ச் அடித்துப் பாருங்கள். பார்ட்டிஷன் சீலிங் மட்டத்திலேயே நின்றிருந்தால் எத்தனை அடுக்கு அடித்தாலும் வீண்தான். பேச்சு மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிடும். சுவர் மேல்தளத்தின் அடிவரை போக வேண்டும்.

போயிருக்கிறதா? சரி, அப்புறம் சந்துகளைத் தேடுங்கள். டக்ட் (ஏசி காற்றுக் குழாய்) சுவரைத் துளைத்துப் போகும் இடம், தரை சானலுக்கு (சுவரின் அடியில் தரையோடு பொருத்திய உலோகப் பட்டைக்கு) அடி, கதவுக்குக் கீழே, ஒரே ஸ்டட் (சுவருக்குள் செங்குத்தாக நிற்கும் சட்டம்) இடைவெளியில் முதுகோடு முதுகாக வைத்த ஸ்விட்ச் பாக்ஸ்கள். கதவுக்கு அடியில் ரப்பர் சீல், மற்றதற்கு அகௌஸ்டிக் சீலன்ட் (ஒலி கசியாமல் அடைக்கும் பசை). இவ்வளவும் அடைத்த பிறகும் கேட்டால் அடுத்த அடுக்கைப் பற்றி யோசிக்கலாம்.

கதவு நிலையின் மேல் மூலையில் விரிசல். இரண்டு முறை பட்டி பார்த்தும் திரும்ப வருகிறது.

மூன்றாவது முறையும் வரும். அங்கே போர்டு ஜாயின்ட் நிலையின் மூலைக்கு நேராக விழுந்திருக்கும். கதவு அறைந்து மூடும்போதெல்லாம் அதிர்வு அந்தக் கோட்டில்தான் போய் விழும். அந்தத் துண்டைக் கழற்றி, மூலையைச் சுற்றி வருகிற மாதிரி ‘ட’ வடிவில் வெட்டிய ஒரே போர்டைப் போடுங்கள். ஜாயின்ட் கதவுக்கு மேலே நடுப்பக்கம் தள்ளிப் போகட்டும். நிலையின் இரு பக்கமும் ஸ்டட் கனமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நீளமான சுவரின் நடுவே விரிசல் என்றால் கதை வேறு. சுமார் 9 மீட்டருக்கு ஒரு கன்ட்ரோல் ஜாயின்ட் (சுவர் விரிந்து சுருங்க வேண்டுமென்றே விடும் இடைவெளி) விட்டிருக்க வேண்டும்.

சுவரின் அடிப்பகுதி உப்பி, பெயின்ட் உரிகிறது.

போர்டு தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. துடைக்கும் தண்ணீரை உறிஞ்சுகிறது. 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தால் ஸ்கர்ட்டிங் (சுவரடியில் ஒட்டும் பட்டை) அதை மறைத்திருக்கும்.

தீ தாங்கும் சுவருக்குப் பிங்க் போர்டு (தீ தாங்குவதற்கென்றே வரும் ஜிப்சம் போர்டு) போட்டால் போதும்தானே?

போதாது. ஜிப்சத்தின் எடையில் ஏறக்குறைய 21 சதவீதம் வேதிப்பிணைப்பில் உள்ள நீர். சூட்டில் அது ஆவியாகும்வரை போர்டு தாக்குப்பிடிக்கும். பிங்க் போர்டில் கண்ணாடி இழையும் கலந்திருப்பதால், நீர் போன பிறகும் உடனே பொடிந்து விழாது. ஆனால் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று சான்றிதழ் தருவது போர்டுக்கு மட்டும் இல்லை, சுவர் முழுமைக்கும்: ஸ்டட், ஸ்க்ரூ இடைவெளி, அடுக்குகள், குழாய் நுழையும் ஓட்டையை அடைத்த விதம் எல்லாம் சேர்த்து. சான்றிதழில் உள்ளபடியே கட்ட வேண்டும். கட்டிய பிறகு யாரோ ஒருவர் கேபிளுக்காக ஓட்டை போட்டு அப்படியே விட்டுப்போனால் அந்தச் சான்றிதழ் வெறும் காகிதம்தான்.

சுவரில் பெரிய டிவி மாட்டலாமா?

மூடும் முன் ஸ்டட்டுகளுக்கு நடுவே பிளைவுட் வைத்திருந்தால் தாராளமாக.

சீலிங்கை எப்போது மூடலாம்? அவசரப்படுத்துகிறார்கள்.

எப்போதும் அவசரப்படுத்துவார்கள். ஸ்பிரிங்க்ளர் குழாயின் பிரஷர் டெஸ்ட் முடிந்ததா, ஏசியின் டிரெயினில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். டிரெயின் சரிவில்லாமல் போனதைச் சீலிங்கில் மஞ்சள் வட்டம் விழுந்த பிறகு கண்டுபிடித்தவன் நான். வால்வு இருக்கும் இடமெல்லாம் அக்ஸஸ் பேனல் (திறந்து கைவிடும் சிறு கதவு) வேண்டும். கனமான விளக்குகள் கிரிட்டில் (சீலிங்கைத் தாங்கும் உலோகச் சட்டத்தில்) தொங்கக் கூடாது, மேல்தளத்திலிருந்து தனிக் கம்பியில் தொங்க வேண்டும். மூடும் நாளில், அளவு டேப்பை வைத்து ஒவ்வொரு பகுதியையும் போட்டோ எடுத்துவிடுங்கள்.