இரண்டு ஆன்டிபயாடிக் மருந்துகள் சேர்ந்து பலன் தருமா என்பதை ஆய்வகத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

கடலூரில் சிகிச்சை பெறும் தங்கள் தாயாருக்கு இரண்டு ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சேர்த்துத் தருவதாகவும், அச்சேர்க்கையை முன்கூட்டியே சோதிக்க இயலுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இயலும், புதுச்சேரியில் நுண்ணுயிரியல் படித்தபோது நானே செய்திருக்கிறேன்.

பரவலாகக் கையாளப்படுவது சதுரங்கப் பலகை முறை. 96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில், ஒரு மருந்து இடமிருந்து வலமாகவும் மற்றது மேலிருந்து கீழாகவும் பாதி பாதியாகக் குறைந்து வருமாறு நிரப்பி, நோயாளியிடமிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாவைச் சேர்த்து, சுமார் 35 டிகிரி செல்சியஸில் ஓரிரவு வைப்பார்கள். காலையில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், பாக்டீரியா வளர்ந்த குழி நீர்த்த கஞ்சிபோல் கலங்கியிருக்கும். மருந்து தடுத்த குழி தெளிந்திருக்கும். (கை நடுங்கி ஒரு சொட்டு பக்கத்துக் குழியில் விழுந்தால் அன்றைய உழைப்பு வீண்.)

வளர்ச்சியைத் தடுக்கத் தனியாக மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம் தேவைப்பட்ட மருந்துக்குச் சேர்க்கையில் 2 போதும், 16 தேவைப்பட்டதற்கு 4 போதும் என்றால், கால் பங்கும் கால் பங்கும் கூடி 0.5 ஆகிறது. 0.5 அல்லது அதற்குக் கீழ் என்றால் கூட்டுப்பலன். 4-க்கு மேல் என்றால் ஒன்றையொன்று கெடுக்கிறது. பின்னது வெறும் ஏட்டுக் கவலையன்று: நிமோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் வரும் மூளையுறை அழற்சியில் பெனிசிலினோடு குளோர்டெட்ராசைக்ளின் என்னும் மற்றொரு ஆன்டிபயாடிக்கைச் சேர்த்தபோது இறப்பு கூடியதை 1951-இலேயே கண்டனர்.

ஆயினும் குழியில் தெரியும் பலன் உடலில் அப்படியே கிடைக்கும் என்பதில்லை. அதனால்தான் பெரும்பாலான மருத்துவமனைகளில் இது வழக்கமான சோதனையாக இல்லை. நோயாளியின் பாக்டீரியாவை வளர்த்து, அதை எந்த மருந்து தடுக்கிறது என்று ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியே சொல்லும் கல்ச்சர் அறிக்கையைத்தான் தாங்கள் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டும்.