திறன் கூட்டலாமா?

கேள்வி: என் டர்போ பெட்ரோல் காரின் குதிரைத்திறனை, இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மென்பொருளை மட்டும் மாற்றி உயர்த்தலாமா? – வாசகர், திருமங்கலம்.

பதில்: உயர்த்தலாம், ஆனால் பழைய கார்புரேட்டர் கார்களைப் போல ஓரிடத்தில் கைவைத்து முடிக்கும் வேலை அன்று இது. மென்பொருள் வழியே, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவின் அழுத்தத்தைக் கூட்டும்போது உள்ளே செல்லும் காற்றின் வெப்பமும் ஏறுவதால், மதுரையின் சித்திரை வெயிலில் அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் திணறி, சிலிண்டருக்குள் எரிபொருள் தானாகவே வெடிக்கும் 'நாக்கிங்' தோன்றக்கூடும். அதை உணர்ந்தவுடன் இசியூ தீப்பொறியைத் தாமதப்படுத்திவிடுமாதலால், நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய திறன் நான்குவழிச் சாலையில் தேவைப்படும் வேளையில் கைக்கு எட்டாது. கிளட்சும் கியர்பாக்ஸும் கூடுதல் முறுக்குவிசையைத் தாங்கியாக வேண்டும். பிஎஸ்-6 என்னும் மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட காரில், புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியை ஒப்படைக்கவே வேண்டாம். பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றுவதை, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு பொதுவாகத் தடுக்கிறது.