முதலில் காற்றைப் பார்: ஒளியியல் கேள்வி பதில்

நான் கொடைக்கானல்காரன். ஒளியியலில், குறிப்பாகக் கண்ணின் விழித்திரையைப் படமெடுக்கும் கருவிகளில், இருபது வருடமாக ஆராய்ச்சி செய்கிறேன். ஊர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

நாயுடுபுரம், பிளஸ் டூ மாணவி: அப்சர்வேட்டரியில் சூரியனை ஏன் சார் காலையிலேயே படமெடுக்கிறார்கள்?

தரை சூடேறுவதற்குள் எடுத்தாக வேண்டும்மா. வெயில் ஏறினால் தரையை ஒட்டிய காற்று அடுப்புக்கு மேலே தெரிவதுபோல நெளியும், படமும் கூடவே நெளியும். அங்குள்ள சுரங்கத் தொலைநோக்கி, கோபுரத்துக் கண்ணாடிகளில் வாங்கிய ஒளியை 60 மீட்டர் சுரங்கத்துக்குள் அனுப்புகிறது. 38 செ.மீ. லென்ஸ், 36 மீட்டர் குவியத் தூரம். சூரியன் 34 செ.மீ. அகலத்துக்கு விழும். இதே மலையில்தான் 1909 ஜனவரியில் வானியலாளர் ஜான் எவர்ஷெட், சூரியன்மேல் தெரியும் கரும்புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிநோக்கி ஓடுவதை, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகளின் நகர்விலிருந்து கண்டார். வாயு விநாடிக்கு 3 கி.மீ. ஓடினாலும் அலைநீளம் லட்சத்தில் ஒரு பங்குதான் மாறும். அதை அளந்திருக்கிறார் என்று நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

பெருமாள்மலை, டாக்ஸி ஓட்டுநர்: லென்ஸைப் பெரிதாக்கினால் இந்த நெளிவு தீராதா?

தீராதுண்ணே. பெரிய லென்ஸுக்கும் அதே காற்றுதான். குட்டி லென்ஸ் வரிசை ஒன்றை வைத்து ஒளியலை எங்கே கோணியிருக்கிறது என்று அளக்கிறோம். வளையும் கண்ணாடி ஒன்று விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை எதிராக வளைந்து அதை நேராக்கும்.

பண்ணைக்காடு, பி.எஸ்சி. மாணவர்: சூரியனை விட்டு விழித்திரைக்கு ஏன் வந்தீர்கள்?

விடவில்லை தம்பி, கோணல் ஒன்றுதான். நம் கண்ணின் லென்ஸும் ஒளியலையைக் கோணலாக்குகிறது. 1997-ல் லியாங், வில்லியம்ஸ், மில்லர் மூவரும் அதே வளையும் கண்ணாடியைக் கொண்டு, உயிருள்ள கண்ணின் விழித்திரையைச் செல் அளவுக்குப் படமெடுத்தார்கள். அந்தக் கட்டுரைதான் என்னை இழுத்தது. நான் கட்டிய முதல் கருவியில் மூன்று மாதம் படம் கலங்கியே வந்தது. லென்ஸ், கேமரா எல்லாம் மாற்றினேன். கடைசியில் பார்த்தால் மேசைக்கு மேலே ஏ.சி. காற்று! அட்டைப்பெட்டியால் மூடியதும் தெளிந்தது. என் மாணவர்களிடம் முதலில் காற்றைப் பார் என்றுதான் சொல்கிறேன்.

பூம்பாறை, ஒரு தாய்: மகள் பிஎச்.டி. என்கிறாள். செலவுக்கு?

ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், அக்கா. ஐந்து வருடம்கூட ஆகலாம். படிக்க விடுங்கள்.

மூஞ்சிக்கல், எட்டாம் வகுப்பு: வீட்டில் என்ன செய்து பார்க்கலாம்?

சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது கண்ணு. அட்டையில் ஊசித்துளை போட்டு, ஒரு மீட்டர் தள்ளி வெள்ளைத்தாள் பிடி. சுமார் 9 மில்லிமீட்டர் வட்டம் விழும், அதுதான் சூரியன். சுரங்கத்து லென்ஸின் குவியத் தூரம் 36 மீட்டர் என்பதால் அதை 36-ஆல் பெருக்கிப் பார்; சுரங்கத்தில் விழும் சூரியன் கிட்டத்தட்ட வந்துவிடும்.