முதலில் வால்வு எங்கே என்று பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியும் படமும் வந்தன. டொராண்டோ பக்கம் வாடகை வீட்டுக்குப் போய் இரண்டு மாதம்தான் ஆகிறது. சமையலறை சிங்க் வாராவாரம் அடைத்துக்கொள்கிறது. மாடி பாத்ரூமுக்குக் கீழே கூரையில் மஞ்சளாக ஒரு கறை. “மன்னார்குடியில் பிளம்பர் அண்ணனுக்கு போன் போட்டால் அரை மணியில் சைக்கிளில் வந்து நிற்பார், இங்கே யாரைக் கூப்பிடுவது, குளிருக்கு முன்னால் என்ன செய்து வைக்கணும்?” என்று கேட்டிருந்தீர்கள். நான் கடைமுழுக்குக்கு மாயவரம் வந்திருக்கிறேன். வெளியே மழை விட்டபாடில்லை. உட்கார்ந்து நிதானமாகவே எழுதுகிறேன்.

நம் வீட்டுக் குழாயும் அந்த ஊர்க் குழாயும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் வேகம் வேறு. இங்கே மொட்டைமாடித் தொட்டியிலிருந்து 15 அடி இறங்கி வரும் தண்ணீருக்கு அழுத்தம் 6 அல்லது 7 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு) இருந்தால் அதிகம். அங்கே தெருக் குழாயிலிருந்து நேரே வீட்டுக்குள் வருவது 40க்கு மேல், சில வீடுகளில் 80 வரை. அதோடு, இங்கே ஏதாவது உடைந்தால் ஆயிரம் லிட்டர் தொட்டி காலியாகும், மோட்டார் போடாதவரை அவ்வளவுதான். அங்கே தொட்டி கிடையாது. ஒன்டாரியோ ஏரியே உங்கள் சிங்குக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கனடா போன புதிதில் டாய்லெட்டுக்கு ஹெல்த் பாசெட் (கழுவும் கைக்குழாய்) இல்லாமல் முடியாது என்று கும்பகோணத்தில் ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனேன். அதன் டி-வால்வு (டேங்க் குழாயிலிருந்து அதற்குத் தண்ணீர் பிரித்துவிடும் வால்வு) அங்கே பொருந்தவில்லை. அந்த ஊர் ஃபிளஷ் டேங்க்கின் அடி மரை 7/8 அங்குலம், நம்முடையது அரை அங்குலம். சரி என்று அங்கே கிடைத்த டி-யில் நம் ஊர் ஹோஸை மாட்டினேன். வேலைக்குக் கிளம்பும்போது டி-வால்வை மூடவில்லை. மதியம் மனைவி போன் செய்தாள்: அந்த அழுத்தம் தாங்காமல் ஹோஸ் பிளந்து, கீழே லைட் மாட்டிய ஓட்டை வழியாகத் தண்ணீர் கயிறு கயிறாக இறங்குகிறதாம், கார்ப்பெட் நடவு வயலாகிவிட்டதாம். எதை மூடுவது என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. மேட்டூர் திறந்தால் எந்த மதகு எப்போது திறப்பார்கள் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த ஊரில் பிறந்தவன், குடியிருக்கும் வீட்டு மதகு எங்கே என்று தெரியாமல் விழித்தேன். வீட்டு ஓனர் வந்து மூட நாற்பது நிமிடம்.

அதனால் இன்றைக்கே பேஸ்மென்ட்டுக்குப் போங்கள். பெரும்பாலும் தெருப் பக்கச் சுவரில், மீட்டருக்குப் பக்கத்தில் மெயின் வால்வு இருக்கும். கைப்பிடி நீளமாக இருந்தால் கால் சுற்று. பைப்புக்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. சக்கரம் போல இருந்தால் வலப்பக்கம் பல சுற்று. இறுகிக் கிடந்தால் முறுக்காதீர்கள், ஓனரிடம் சொல்லுங்கள். வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.

கூரைக் கறைக்கு வருவோம். அந்த ஊர் பாத்ரூமில் தரை நனையக்கூடாது, தண்ணீர் போக வழியே வைத்திருக்க மாட்டார்கள். வாளி வைத்துக் குளிப்பதென்றாலும் டப்புக்குள் நின்றுதான். குளித்த பிறகு மட்டும் கறை பெரிதானால் திரையும் டப்பின் ஓர சிலிக்கானும்தான் காரணமாக இருக்கும். யாரும் குளிக்காதபோதும் பெரிதானால் சுவருக்குள் பைப் கசிகிறது. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள், முள் நகர்ந்தால் அன்றைக்கே ஓனரைக் கூப்பிடுங்கள். ஒருவேளை ஃபிளஷ் டேங்க்கே உள்ளுக்குள் ஒழுகலாம், அப்போதும் முள் நகரும். அதற்குக் கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை டேங்க்கில் போட்டு, இருபது நிமிடம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் வந்தால் அடி ரப்பர் போய்விட்டது. மாற்றுவது சின்ன வேலை.

சிங்க் அடைப்புக்கு பிளம்பர் வேண்டாம். சிங்குக்கு அடியில் ‘யூ’ போல வளைந்த பைப்புக்குக் கீழே வாளியை வையுங்கள், இரண்டு பக்க நட்டையும் கையால் திருகிக் கழற்றுங்கள். நான் முதல் தடவை கழற்றியபோது சாம்பல் நிறத்தில் மெழுகு உருண்டை மாதிரி வந்தது; உடைத்தால் உள்ளே கடுகு, கறிவேப்பிலை, ஒரு பருக்கை சோறு. இங்கே நெய்யும் எண்ணெயும் வெயிலில் இளகி ஓடிவிடும், கொல்லையில் வாழைக்கும் போய்ச் சேரும். அங்கே குளிர்ந்த பைப்பில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். தட்டையும் வாணலியையும் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள், பாதி அடைப்பு நின்றுவிடும். அடைப்பு எடுக்கும் காஸ்டிக் பவுடர் மட்டும் கொட்ட வேண்டாம். அது அடைப்பை எடுக்கவில்லை என்றால் அந்த வளைவிலேயே தேங்கி நிற்கும், அப்புறம் கழற்றுகிறவர் கை வெந்துபோகும். திரும்ப மாட்டியதும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை உள்ளே விடாமல் தடுக்கிறது. பேஸ்மென்ட் தரையில் இருக்கும் வடிகாலில் நாற்றம் வந்தாலும் இதே வைத்தியம்.

குளிருக்கு இந்த வாரமே செய்ய வேண்டியது: தோட்டக் குழாயின் ஹோஸைக் கழற்றி, அதற்கு வீட்டுக்குள் இருக்கும் வால்வை மூடி, வெளிக் குழாயைத் திறந்து விடுங்கள். தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பெருக்கும், செம்பு பைப்பும் பிளந்துவிடும். ஊருக்குப் போனாலும் ஹீட்டரை 13 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். கரண்ட் பில்லை நினைத்து இறக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செலவு யாருடையது என்று ஓனர் இழுத்தால், டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் 2006 வாடகைச் சட்டப்படி வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது அவர் பொறுப்பு. போனில் பேசினாலும் மெசேஜில் எழுதி வையுங்கள். நெய்யால் அடைத்தது உங்கள் கணக்கில் விழலாம், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

வால்வைக் கண்டுபிடித்ததும் மீட்டரோடு சேர்த்து ஒரு படம் அனுப்புங்கள். எந்தப் பக்கம் திருப்புவது என்று பார்த்துச் சொல்கிறேன்.