மகள் கல்யாணத்துக்குத் தாலி மட்டும் போதுமா?

கேள்வி: என் மகள், கூட வேலை பார்க்கும் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். குருக்களை அழைத்துத் தாலி கட்டினால் போதுமா? சொந்தக்காரர்கள் "இது செல்லாது" என்கிறார்கள். – ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: முதலில் சொந்தக்காரர்களுக்கு. செல்லும் அம்மா, தாராளமாகச் செல்லும். 2005 டிசம்பர் 1 அன்று அரசியல் சாசன நீதிமன்றம், நீதிபதி ஆல்பி சாக்ஸ் எழுதிய தீர்ப்பில், ஒரே பாலினத்தவரும் மணந்துகொள்ள வழிசெய்யும்படி நாடாளுமன்றத்துக்கு ஓராண்டு கெடு விதித்தது. அதன்படி வந்த சிவில் யூனியன் சட்டம் 2006 நவம்பர் 30 முதல் நடப்பில் இருக்கிறது.

ஆனால் தாலி மட்டும் போதாது. ஆணும் பெண்ணும் செய்துகொள்ளும் இந்துத் திருமணத்துக்கும் இதே நிலைதான். சடங்கோடு நின்றுவிட்ட ஒரு திருமணத்தில், கணவர் இறந்தபின் வாரிசுரிமை கேட்டு மனைவி டர்பன் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது, ஆனாலும் அந்த அலைச்சல் உங்கள் மகளுக்கு எதற்கு?

குருக்களுக்கு 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி உரிமம் இருந்தாலும் இந்தத் திருமணத்தைப் பதிவு செய்ய அது உதவாது. 2006 சட்டத்தின் கீழ் தனி அனுமதி வேண்டும். இல்லையென்றால் ஹோம் அஃபேர்ஸில் (உள்துறை அலுவலகத்தில்) பதிவை முடித்துவிட்டு வீட்டில் சடங்கை வைத்துக்கொள்ளுங்கள். இருவரின் அடையாள அட்டை, இரண்டு சாட்சிகள், முன்பு மணமாகியிருந்தால் விவாகரத்து ஆணை அல்லது இறப்புச் சான்றிதழ் தேவை. அதிகாரி "திருமணம் என்று பதியட்டுமா, சிவில் பார்ட்னர்ஷிப் என்றா?" எனக் கேட்பார். திருமணம் என்றே சொல்லச் சொல்லுங்கள். சட்ட உரிமை இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் நம் சனத்துக்கு விளக்கம் சொல்லும் வேலை மிச்சம். உறுதிமொழிக்குப் பின் இருவரும் வலக்கையை ஒருவருக்கொருவர் கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. நம் கைத்தலம் பற்றும் சடங்கே அரசு அலுவலகத்தில் நடப்பது போலத்தான்.

மனசாட்சியைக் காரணம் காட்டி அரசு அதிகாரி மறுக்க முன்பு இடமிருந்தது. 2020இல் வந்த திருத்தச் சட்டம் அந்த விலக்கை நீக்கியது. இன்று யாராவது திருப்பி அனுப்பினால் பெயரைக் குறித்துக்கொண்டு மேலதிகாரியைப் பாருங்கள், தயங்க வேண்டாம்.

பலர் கோட்டை விடுவது சொத்து விஷயத்தில். பதிவுக்கு முன் நோட்டரியிடம் 'அவரவர் சொத்து அவரவருக்கு' என்ற ஒப்பந்தம் கையெழுத்தாகாவிட்டால் இருவரின் சொத்தும் கடனும் பொதுவாகிவிடும். ஒருவர் வாங்கிய கடனுக்கு மற்றவர் பங்கும் போகும். இருவரும் சம்பாதிக்கிறவர்கள், ஆகவே ஒப்பந்தம் போட்டுக்கொள்வதே நல்லது என்பேன். கையெழுத்தான 3 மாதத்துக்குள் பத்திரப் பதிவகத்தில் அது பதிவாக வேண்டும்.

"நம் வழக்கத்தில் இல்லையே" என்று பெரியவர்கள் சொன்னால் 1913ஐ நினைவுபடுத்துங்கள். கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணம் செல்லாது என்று கேப் மாகாண நீதிபதி சியர்ல் தீர்ப்புச் சொன்னபோது, ஒரே நாளில் நம் பாட்டிமார்களின் தாலிக்குச் சட்டத்தில் மதிப்பில்லாமல் போனது. அதன்பின் நடந்த போராட்டத்தில் நம் பெண்கள் சிறைக்குப் போனார்கள். சிறையில் நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தாள். "உன் திருமணம் செல்லாது" என்ற சொல்லின் வலி நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. அதே சொல்லை உங்கள் மகளைப் பார்த்து நம்மவர்களே சொல்லக் கூடாது.

நோட்டரியைத் தேதி குறிப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.