நெடுஞ்சாலையில் காரை 80-ல் ஓட்டுவதற்கும் 100-க்கு மேல் ஓட்டுவதற்கும் மைலேஜில் நிஜமாகவே வித்தியாசம் தெரியுமா?

நன்றாகவே தெரியும். நான் அளந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார். மாதம் ஒருமுறை தாம்பரத்திலிருந்து திருச்சிக்குப் போவேன், ஏறக்குறைய 300 கி.மீ. கிளம்பும்போது டேங்கை நிரப்பி, பம்ப் தானாக நின்றதும் அதற்கு மேல் போட விடாமல், டிரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். திருச்சி போய்ச் சேர்ந்ததும் அதேபோல நிரப்பினேன். முதல் முறை முள்ளை 80-ஐத் தாண்ட விடவில்லை. 15 லிட்டர் பிடித்தது. அடுத்த மாதம் அதே ரோடு, அதே ஆட்கள், ஏசியும் அப்படியே. ஆனால் இடம் கிடைத்தபோதெல்லாம் 105, 110. பங்க்கில் எண் 15-ஐத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தது, 19-க்குப் பக்கத்தில் போய்த்தான் நின்றது. லிட்டருக்கு 20 கொடுத்த வண்டி 16-க்கு இறங்கிவிட்டது. மிச்சமானது 25 நிமிடம். பரனூரிலிருந்து சமயபுரம் வரை டோல்கேட்டில் எல்லோரும் ஒன்றாகத்தானே நிற்கிறோம்!

காரணம் காற்று. பைக் ஓட்டியவர்களுக்கு இது உடம்பிலேயே தெரியும். 40-ல் சட்டை படபடக்கும். 80-ல் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 80-லிருந்து 100-க்குப் போனாலே அது ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். டயர் உருளும்போது வரும் எதிர்ப்பு இப்படி ஏறுவதில்லை. அதனால் 80-க்கு மேல் சக்கரத்துக்கு வந்து சேரும் சக்தியில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே போகிறது. கூரையில் கேரியர் வைத்துப் பெட்டி கட்டியிருந்தால் இன்னும் மோசம்.

சரி, அப்படியென்றால் 30-ல் உருட்டிக்கொண்டே போனால் மிச்சமா? இல்லை. கீழ் கியரில் இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும், தூரம் நகராது. ஏசியும் மணிக்கணக்கில் எரிபொருள் எடுப்பது, கிலோமீட்டர் கணக்கில் அல்ல. பெரும்பாலான கார்களுக்கு டாப் கியரில், ஏற்றி இறக்காமல், 50-க்கும் 80-க்கும் நடுவில் ஓட்டுவதுதான் நல்ல மைலேஜ் தரும்.

அப்புறம் ஒன்று, தயவுசெய்து இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள். இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலிங்குக்காக, அதாவது இன்ஜின் அணையாமல் சும்மா ஓடுவதற்காக, எரியும். இன்ஜினே வேகத்தை இழுத்துப் பிடிக்கும் இன்ஜின் பிரேக்கிங்கும் கிடைக்காது, அது உயிருக்கே ஆபத்து.

நான் இப்போது அரை மணி முன்னாடியே கிளம்பிவிடுகிறேன். 80, 85-ல் போகிறேன். மேடு வந்தால் 75-க்கு இறங்கட்டும் என்று விட்டுவிடுவேன், அழுத்தி மிதிப்பதில்லை.