தாய்லாந்தில் பதவி பறிக்கப்பட்ட முன்னாள் பிரதமர் தக்சின் சினவாத்ரா அந்நாட்டு அரசியலில் விட்டுச்சென்றது என்ன?

கேள்விக்குக் கீழே, "ஊழல் செய்த ஒரு கோடீசுவரரை ஏழைகள் இத்தனை ஆண்டுகள் ஏன் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்? இலவசங்களுக்கு விலைபோனார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா? அவருடைய குடும்பம் மீண்டும் ஆட்சிக்கு வருமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2025 செப்டம்பரில் அவர் சிறைக்கு அனுப்பப்பட்ட செய்தியைப் படித்த பிறகோ, பாங்காக்கில் வேலை பார்க்கும் நண்பர் யாரேனும் சொன்னதைக் கேட்ட பிறகோ உங்களுக்கு இந்த ஐயம் எழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். பாங்காக்கின் நடுத்தர வகுப்பினர் பலரிடம் இதே கருத்தை நானும் கேட்டிருக்கிறேன். ஏழைகள் விலைபோனார்கள் என்ற அந்தக் குற்றச்சாட்டுக்கு மறுமொழி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வடகிழக்குத் தாய்லாந்தின் உதோன் தானி நகரில், 2011 முதல் 2024 இறுதி வரை ஒரு பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்தேன். ஈசான் என்று அழைக்கப்படும் அந்த வட்டாரம்தான் தக்சினுடைய வாக்கு வங்கியின் இதயம். வானம் பார்த்த நெல் வயல்களும், பாங்காக்கில் டாக்சி ஓட்டியும் ஆலைகளில் வேலை செய்தும் பணம் அனுப்பும் பிள்ளைகளும்தான் அங்குள்ள பெரும்பாலான குடும்பங்களின் வாழ்வாதாரம். நான் அவருடைய கட்சிக்காரியும் அல்ல, அந்நாட்டில் வாக்குரிமை உள்ளவளும் அல்ல. வெளிநாட்டுக்காரிக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சாலையோரத்தில் நின்று பார்த்த செய்தியாளரைவிட, அந்த வீடுகளின் அடுக்களையில் உட்கார்ந்து சாப்பிட்ட எனக்குச் சில விவரங்கள் கூடுதலாகத் தெரியும் என்றுதான் நம்புகிறேன்.

நான் குடியிருந்த வீட்டின் உரிமையாளரான அம்மாளுடைய கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்திருந்தன. வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக நீர்மத்தைச் செலுத்தி, சில மணி நேரம் கழித்து வெளியேற்றும் முறையில் வீட்டிலேயே அவருக்குச் சிகிச்சை நடந்தது. நாளொன்றுக்கு நான்கு முறை அதைச் செய்ய வேண்டும். நீர்மப் பைகள் அடங்கிய அட்டைப்பெட்டிகள் அஞ்சல் துறை வண்டியில் வீடு தேடி வரும். ஈரம் ஏறாதிருக்க மாடிப்படிக்குக் கீழே பலகை போட்டு, அம்மாள் அவற்றை அடுக்கி வைத்திருப்பார். நேரம் வந்ததும் சன்னல் கதவுகளைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் அணிந்து, கையை முழங்கை வரை கழுவிக்கொண்டு, சுவரில் அடித்த கொக்கியில் பையை மாட்டுவார். வெளியே வந்த நீர்மத்தை வில்தராசில் தொங்கவிட்டு நிறுத்து, பள்ளிக் குறிப்பேடு ஒன்றில் கோடு போட்டு எழுதுவார். மாதாந்தரப் பரிசோதனையில் மருத்துவர் முதலில் கேட்பது அந்தக் குறிப்பேட்டைத்தான். இவை எதற்கும் அந்தக் குடும்பம் பணம் கொடுத்ததில்லை. அடையாள அட்டையைக் காட்டினால் போதும்.

இதே அம்மாளுடைய தாயார் 1990களில் நோயுற்றபோது, வயலில் பாதியை அடகு வைத்துத்தான் மருத்துவமனைக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். அந்த வயல் திரும்பக் கிடைக்கவேயில்லை. ஏழைகளுக்கென்று ஓர் இலவச அட்டை அன்றும் இருந்தது. ஆனால் தாம் ஏழை என்பதை மெய்ப்பித்தால்தான் அது கிடைக்கும். எந்தக் காப்பீடும் இல்லாதிருந்தவர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் பேர். 2001 சனவரித் தேர்தலில், ஒவ்வொரு முறையும் 30 பாட் (பாட் என்பது தாய்லாந்தின் நாணயம்) மட்டும் செலுத்தி எந்த நோய்க்கும் சிகிச்சை பெறலாம் என்ற வாக்குறுதியோடு தக்சினுடைய தாய் ரக் தாய் கட்சி நின்றது. அது வென்ற சில மாதங்களிலேயே, ஏப்ரலில், ஆறு மாகாணங்களில் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரலுக்குள் பாங்காக் உட்பட நாடு முழுவதும் பரவியது. 2002 நவம்பரில் சட்டமாகவும் ஆகிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தத் திட்டம் தக்சின் தலையில் உதித்தது அன்று. சாங்குவான் நிட்டயாரும்போங் என்ற மருத்துவரும் அவருடன் இருந்த கிராமப்புற மருத்துவர்களும் பல ஆண்டுகளாக வகுத்து வைத்திருந்த திட்டம் அது. மாவட்ட மருத்துவமனைகளும், கட்டாய கிராமப் பணி செய்த மருத்துவர்களும், ஊர்தோறும் சுகாதாரத் தன்னார்வலர்களும் ஏற்கெனவே இருந்தார்கள். அவை இல்லாதிருந்தால் 30 பாட் வெறும் முழக்கமாகவே முடிந்திருக்கும். தக்சின் செய்தது, பிற அரசியல்வாதிகள் தயங்கிய ஒன்றைத் தேர்தல் வாக்குறுதியாக்கி, வென்றதும் தள்ளிப்போடாமல் நிறைவேற்றியது. அதுவரை படுக்கைகளுக்கும் ஊழியர்களுக்கும் ஏற்பப் போய்க்கொண்டிருந்த பணம், பதிவு செய்த மக்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப, தலைக்கு 1,202 பாட் என்ற கணக்கில் போகத் தொடங்கியது. பாங்காக்கின் பெரிய மருத்துவமனைகளுக்கு இது உவப்பாக இல்லை. ஈசானின் மாவட்ட மருத்துவமனைகள் மூச்சுவிட்டன.

இதை இலவசம் என்று சொல்லலாமா? வாக்குக்கு முந்தின இரவு கதவைத் தட்டிக் கொடுக்கப்படும் பணம் அந்நாட்டில் நெடுங்காலமாகவே உண்டு, தக்சினுடைய எதிரிகளும் கொடுத்திருக்கிறார்கள். அதை வாங்கிக்கொண்டு வேறொருவருக்கு வாக்களித்ததாக அந்த அம்மாளே என்னிடம் சொல்லியிருக்கிறார். கொள்கை அறிக்கையைப் படித்து, வாக்களித்து, அது நிறைவேறுகிறதா என்று பார்த்து, மறுபடியும் வாக்களிப்பது விலைபோவது ஆகாது. பாங்காக்கின் கல்லூரிப் பேராசிரியர் வரிச் சலுகையைப் பார்த்து வாக்களித்தால் அது பகுத்தறிவு, ஈசானின் விவசாயி மருத்துவ அட்டையைப் பார்த்து வாக்களித்தால் அது அறியாமை என்று பேசப்பட்டபோதெல்லாம் எனக்குக் கோபம் வந்தது; இப்போதும் வருகிறது.

என் சொந்தக் குறை ஒன்றையும் இங்கே பதிந்துவிடுகிறேன். நான் வேலை பார்த்த பள்ளி, ஊழியர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிதியில் என்னைச் சேர்க்காமலேயே நெடுநாள் காலம் கடத்தியது. பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டபோது, தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டிய பிறகுதான் எனக்குப் படுக்கை ஒதுக்கினார்கள். கட்டணச் சீட்டைப் பார்த்த வீட்டுக்கார அம்மாள் வாய்விட்டு அழுதுவிட்டார். படித்த, சம்பளம் வாங்கும் ஆசிரியைக்கு இல்லாத பாதுகாப்பு, நெல் அறுக்கும் அவருக்கு இருந்தது. அதை உருவாக்கிய ஆட்சியை அவர் எளிதில் மறக்க மாட்டார் என்பதை அன்று நன்றாகவே புரிந்துகொண்டேன்.

இதையெல்லாம் சொல்வதால் தக்சினுக்கு வெள்ளையடிக்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். 2003 பிப்ரவரியில் அவர் அறிவித்த போதைப்பொருள் எதிர்ப்புப் போரில் மூன்று மாதங்களில் 2,500-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்கும் போதைப்பொருளுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. 2004 அக்டோபர் 25 அன்று தெற்கே தாக் பாயில், ஆர்ப்பாட்டம் செய்த முசுலிம்களைக் கைகளைப் பின்னால் கட்டி இராணுவ லாரிகளில் ஒருவர் மேல் ஒருவராக அடுக்கியதில் 78 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். அங்கேயே சுடப்பட்டவர்களையும் சேர்த்தால் 85 பேர். அந்த வழக்கின் இருபது ஆண்டுக் காலக்கெடு 2024 அக்டோபரில், அவருடைய மகளே பிரதமராக இருந்தபோது, குற்றம் சாட்டப்பட்ட எவரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படாமலேயே முடிந்துபோனது. மகளும் மன்னிப்புக் கேட்டார், பிறகு 2025 பிப்ரவரியில் தெற்கே சென்ற தந்தையும் கேட்டார். பிள்ளைகளை இழந்தவர்களுக்கு வழக்கு நடந்திருக்க வேண்டும். 2006 சனவரியில் குடும்பத்தின் ஷின் தொலைத்தொடர்பு நிறுவனப் பங்குகளைச் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக்குக்கு ஏறத்தாழ 7,300 கோடி பாட்டுக்கு விற்று, அதற்கு வரி செலுத்தாமல் விட்டதும் மறக்கக்கூடியது அன்று. ஈசானில் இவற்றை அறியாதவர்கள் இல்லை. தெற்கில் நடந்தது தங்களுக்கு நடக்கவில்லை என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டார்கள் என்பதுதான் என் மனத்தாங்கல். அதை அவர்களிடமே சொல்லியிருக்கிறேன்.

2006 செப்டம்பர் 19 அன்று, அவர் ஐ.நா. கூட்டத்துக்காக நியூயார்க்கில் இருந்தபோது இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அடுத்து நடந்ததைத்தான் உங்கள் கேள்விக்கான விடையின் மையமாகக் கருதுகிறேன். அவர் பெயரை அழிக்க வந்த அந்த அரசால் மருத்துவத் திட்டத்தைத் தொட முடியவில்லை. 30 பாட் கட்டணத்தையும் நீக்கி அதை முழு இலவசமாக்கியது; நிதியைக் கூட்டியது. வீட்டுக்காரருக்கு வந்துகொண்டிருந்த அந்த நீர்மப் பைகள்கூடத் தக்சின் காலத்தில் திட்டத்தில் இல்லை. அவரை விரட்டியவர்கள் நியமித்த அரசு முடிவெடுத்து, 2008 சனவரியில்தான் சிறுநீரகச் சிகிச்சை அதில் சேர்ந்தது. 2014 மே மாதத்தில் மீண்டும் இராணுவம் வந்தபோதும் திட்டம் நின்றது. இன்று ஏறத்தாழ 4 கோடியே 70 லட்சம் பேர் அதில் இருக்கிறார்கள். எந்தக் கட்சி வந்தாலும், துப்பாக்கியோடு வந்தாலும், மக்களுக்கு ஏதேனும் செய்துகாட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை உண்டாக்கியதுதான் அவர் விட்டுச்சென்றவற்றில் பெரியது என்று எண்ணுகிறேன்.

அவருடைய வழிவந்தவர்கள் எல்லாவற்றையும் நன்றாகச் செய்தார்கள் என்றும் சொல்ல மாட்டேன். 2011-இல் பிரதமரான தங்கை யிங்லக், டன் நெல்லுக்கு 15,000 பாட் என்று சந்தை விலைக்கு மிக அதிகமாகக் கொடுத்து அரசே வாங்கும் என்றார். கிடங்குகளில் அரிசி குவிந்தது; உலக ஏற்றுமதியில் முதலிடம் இந்தியாவுக்குப் போனது. வீட்டுக்கார அம்மாளுடைய தம்பி நெல்லைப் போட்டுவிட்டு, 2014 தொடக்கத்தில் மாதக்கணக்காக ரசீதை வைத்துக்கொண்டு வேளாண் வங்கிக்கு நடந்தார். கடைசியில் அந்தப் பணம் இராணுவ ஆட்சி வந்த பிறகுதான் கிடைத்தது.

2010-இல் பாங்காக்கின் ராட்சபிரசோங் சந்திப்பில், செஞ்சட்டையினர் எனப்பட்ட தக்சின் ஆதரவாளர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தபோது இந்த அம்மாளும் அங்கே இருந்தார். அந்த ஆண்டு ஏப்ரலிலும் மேயிலும் 90-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தக்சினைத் திரும்பக் கொண்டுவர மட்டும் தாம் போகவில்லை, தாம் போட்ட வாக்கை ஒவ்வொரு முறையும் நீதிமன்றமும் இராணுவமும் செல்லாததாக்குவதைப் பொறுக்க முடியாமல்தான் அங்கே போனதாக அவர் சொல்வார். 2023 மே தேர்தலில் அவர் தக்சின் வழிவந்த பியூ தாய் கட்சிக்கும், பாங்காக்கில் வேலை செய்யும் மகன் சீர்திருத்தம் பேசிய முன்னேறும் கட்சிக்கும் வாக்களித்தார்கள். முன்னேறும் கட்சி 151 இடங்களும் பியூ தாய் 141 இடங்களும் பெற்றன. ஆகஸ்டு 22 அன்று காலையில் பதினைந்தாண்டு வெளிநாட்டு வாழ்வுக்குப் பிறகு தக்சின் தொன் முவாங் விமான நிலையத்தில் இறங்கினார். அன்றைய மாலையே, 2014-இல் ஆட்சியைப் பிடித்தவர்களின் கட்சிகளையும் சேர்த்துக்கொண்டு, பியூ தாயின் ஸ்ரெத்தா பிரதமரானார். காலையில் அம்மாள் தொலைக்காட்சி முன் சிவப்புச் சட்டையோடு உட்கார்ந்து கைகூப்பினார். மாலையில் வாக்கெடுப்பு முடிந்ததும், ராட்சபிரசோங்கில் தம் பக்கத்தில் உட்கார்ந்திருந்து உயிரிழந்த ஊர்க்காரர் ஒருவருடைய பெயரைச் சொல்லி, அவருடைய மனைவிக்கு இனி என்ன பதில் சொல்வது என்று கேட்டார்.

பழைய ஊழல் வழக்குகளில் தக்சினுக்கு விதிக்கப்பட்டிருந்த எட்டாண்டுத் தண்டனை அரச மன்னிப்பால் ஓராண்டாகக் குறைந்ததும், சிறைக்குப் போன அன்றிரவே காவல்துறை மருத்துவமனைக்கு மாற்றப்பட்டதும், ஆறு மாதத்தில் நன்னடத்தை விடுப்பில் வெளிவந்ததும் அந்தக் கசப்பைக் கூட்டின. மருத்துவமனையில் கழித்த அந்தக் காலம் தண்டனையாகாது என்று 2025 செப்டம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லி, அவரைக் கிளாங் பிரேம் சிறைக்கு அனுப்பியது. தமக்கு வாக்களித்தவர்கள் விரும்பியதைவிடத் தாம் வீடு திரும்புவதை முன்னுக்கு வைத்துப் பேரம் பேசியதுதான் அவர் செய்த தவறுகளில் அவருடைய சொந்த மக்களை அதிகம் காயப்படுத்தியது.

குடும்பம் மீண்டும் வருமா என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தக்சின், மைத்துனர் சொம்சாய், தங்கை யிங்லக், மகள் பெய்தோங்தான் என நால்வர் பிரதமரானார்கள். நால்வரையும் இராணுவமோ நீதிமன்றமோ இறக்கிவிட்டது. இதுவரை அப்படி இறக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் ஈசானில் அனுதாபம் எழுந்தது. 2025 ஆகஸ்டில் மகள் இறக்கப்பட்டபோது நிலைமை வேறு. கம்போடியாவின் முன்னாள் பிரதமர் ஹுன் சென்னை மாமா என்று அழைத்துத் தன் நாட்டுத் தளபதியையே குறைகூறிய தொலைபேசி உரையாடல் வெளியாகியிருந்தது. சூலையில் எல்லையில் சண்டையே மூண்டுவிட்டது. அந்தச் சண்டையில் வீட்டை விட்டு ஓடியவர்கள் ஈசானின் எல்லைக் கிராமத்தினர். 2024 நவம்பரில் உதோன் தானி மாகாண நிர்வாக அமைப்புத் தேர்தலுக்குத் தக்சினே நேரில் வந்து பேசி, தம் கட்சிக்காரரை வெல்லவைத்தார். ஆனால் அம்மாள் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. அவருடைய மகனுக்கு அந்த மருத்துவ அட்டை பிறந்த ஊரின் சாலை, பள்ளிக்கூடம் போன்ற இயல்பான உரிமை. அதற்காக எவருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. கட்டாய இராணுவச் சேவையை நீக்குவதைப் பற்றியும் பெருநிறுவனங்களின் ஏகபோகத்தைப் பற்றியும்தான் அவர் பேசுகிறார், அதற்குத் தகுந்த கட்சிக்குத்தான் வாக்களிக்கிறார். எனவே ஈசான் முழுவதும் ஒரே குடும்பத்தின் பின்னால் நின்ற காலம் திரும்பாது என்பதே என் கணிப்பு.